எளிய மாணவனும் நித்திய அப்பியாசமும்

யோகத்தோடு பிரிக்கவொண்ணாதபடி பெயர் பிணைந்துபோன பாரத நகரங்களை எண்ணத் தொடங்கும் எவரும், ரிஷிகேசத்தையும் மைசூரையும் சொன்ன மூச்சிலேயே புதுச்சேரியையும் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி ஸ்ரீ அரவிந்தர் இவ்வூர்க் கரையில் வந்திறங்கியதும், 1926-ஆம் ஆண்டு நவம்பரில் ஆசிரமம் அமைந்ததும், அந்த ஆசிரமத்தில் சுத்தானந்த பாரதியார் நெடுங்காலம் மௌன விரதம் பூண்டு தமிழுக்குத் தொண்டு செய்ததும், 1968-இல் சுவாமி கீதானந்தர் லாஸ்பேட்டையில் ஆனந்தா ஆசிரமத்தைத் தோற்றுவித்து ஆசனத்தையும் பிராணாயாமத்தையும் சாஸ்திர முறைப்படி கற்பிக்கத் தலைப்பட்டதும், 2008-இல் ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தில் யோக சிகிச்சைக்கென்றே ஓர் உயர்மையம் ஏற்பட்டதும், ஆண்டுதோறும் ஜனவரி 4 முதல் 7 வரை அரசே முன்னின்று சர்வதேச யோகா விழா எடுத்துவருவதும் இவ்வூரின் கீர்த்திக்குப் போதிய சான்றுகள். இத்தகைய ஊரில், திண்டிவனத்துப் பக்கமோ பண்ருட்டிப் பக்கமோ உள்ள ஒரு சிற்றூரிலிருந்து படிக்க வந்து, வீட்டிலிருந்து வரும் சொற்பத் தொகையை எண்ணி எண்ணிச் செலவிடும் ஒரு மாணவனோ மாணவியோ நாள் தவறாமல் யோகம் பயிலவேண்டுமென்று மனப்பூர்வமாக விரும்பினால், அந்த விருப்பம் நிறைவேற வழியுண்டா என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

இதற்கு வழக்கமாக வரும் விடைகள் இரண்டு. யோகம் இக்காலத்தில் செல்வர் விஷயமாகிவிட்டது, வெளிநாட்டு விருந்தினரை நம்பி நடக்கும் பயிற்சிக்கூடங்களின் கட்டணம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாது என்பார் ஒரு சாரார். யோகத்துக்குக் காசு எதற்கு, உடம்பும் மூச்சும் இருந்தால் போதாதா என்பார் மற்றொரு சாரார். முதற்கூற்றில் பாதி உண்மையே உண்டு. இரண்டாவது கூற்றில் உள்ள உண்மை அதனினும் பெரிதாயினும், அதைச் சொன்னதோடு நம் கடமை தீர்ந்தது என்று மாணவனைக் கைகழுவிவிடுவது நியாயமாகாது.

பொருளைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடலாம். யோக சாதனைக்கு வேண்டும் உபகரணங்களைப் பற்றிப் பழைய நூல்கள் சொல்வது மிகக் குறைவு. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் தர்ப்பைப் புல், தோல், துணி ஆகிய மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக இட்ட, மிக உயரமும் மிகத் தாழ்வும் இல்லாத ஓர் ஆசனத்தைச் சொல்லி அமைகிறது. ஹடயோகப் பிரதீபிகை சாணமிட்டு மெழுகிய ஒரு சிறு குடிலைச் சொல்கிறது. ரப்பர் போன்று தரையைப் பற்றிக்கொள்ளும் இன்றைய யோகா விரிப்பு இந்த மரபில் பிறந்ததன்று. ஐரோப்பாவில் கம்பளத்தின் அடியில் அது நழுவாதிருப்பதற்காக இட்ட ஒருவகைத் தாளை யோகம் பயின்ற சிலர் எடுத்துப் பயன்படுத்தப்போய், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அது தனியொரு வியாபாரமாக வளர்ந்தது. பெல்லூரில் பிறந்த பி. கே. எஸ். ஐயங்கார், 1937-இல் புணேக்குச் சென்று வறுமையோடு மல்லாடிக்கொண்டே யோகம் கற்பித்த இளைஞர். செங்கல்லும் கயிறும் நாற்காலியும் சுவருமாகக் கைக்கெட்டிய பொருள்களையே அவர் நோயாளிகளுக்கும் முதியோருக்கும் துணைக்கருவிகளாக்கினார் என்பதை, அதே துணைக்கருவிகளை இன்று விலைகொடுத்து வாங்குவோர் அறிந்திருத்தல் நலம்.

நம் தமிழ்நாட்டிலோ இவ்விஷயத்தில் ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. கோரையை மெல்லிய இழையாக்கிப் பட்டுப்போல் பாய் நெய்வதில் உலகப் புகழ்பெற்ற திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில்தான், 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி, பிற்காலத்தில் ரிஷிகேசத்துச் சிவானந்தராக விளங்கிய குழந்தை பிறந்தது. மலாய் நாட்டில் மருத்துவராகப் பொருளீட்டிக்கொண்டிருந்த அவர் அதனைத் துறந்து கங்கைக்கரை சென்று, யோகத்தைச் சாமானியருக்கும் புரியும்படி நூல் நூலாக எழுதிக் குவித்தார். பத்தமடைப் பட்டுப்பாய் மாணவனுக்கு வேண்டாம். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணக் கோரைப்பாயே போதும். ஆனால் அனுபவத்தில் தெரிந்த ஒன்றைச் சொல்லிவைக்கவேண்டும்: கோரைப்பாய் வழுவழுப்பான சிமெண்டுத் தரையில் வழுக்கும். ஆகையால் நின்று செய்யும் ஆசனங்களை வெறுந்தரையில் வெறுங்காலோடு செய்து, அமர்ந்தும் படுத்தும் செய்பவற்றுக்கு மட்டும் பாயையோ நான்காய் மடித்த ஜமக்காளத்தையோ விரித்துக்கொள்வதே உசிதம். ஞாயிறுதோறும் மகாத்மா காந்தி வீதியில் கூடும் சந்தையில் தளர்ந்த பருத்திக் காற்சட்டை ஒன்று வாங்கிக்கொண்டால், யோகத்துக்கான உடைச் செலவும் அத்தோடு முடிந்தது.

பொருளில்லாமல் யோகம் நடக்குமா என்ற ஐயத்தைத் தீர்ப்பதற்குப் புதுச்சேரியின் சொந்தச் சரித்திரத்திலேயே ஓர் ஒப்பற்ற உதாரணம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வந்திறங்கிய ஸ்ரீ அரவிந்தர் முதல் ஆறு மாதம் சங்கர செட்டியார் வீட்டு மாடியில் விருந்தினராகத் தங்கி, அதன்பின் வாடகை வீடுகளுக்கு மாறினார். நளினி காந்த குப்தா, சுரேஷ் சக்கரவர்த்தி, விஜய் நாக், சௌரின் போஸ் என்று அவரோடு வாழ்ந்தவர்களெல்லாம் கல்லூரிப் பருவத்து இளைஞர்கள். அந்நாட்களைப் பற்றிப் பின்னாளில் எழுதிய நளினி காந்தர் தரும் சித்திரம் இது: ஆளுக்கு ஒரு பாய், அதுவே கட்டிலும் மெத்தையும், நாற்காலி, மேசை, சிறு கட்டில் ஆகியவை ஸ்ரீ அரவிந்தர் ஒருவருக்கே, அவருக்கென ஒரு மெழுகுவர்த்தி விளக்கு, சமையலறைக்கு ஒரு சிறிய மண்ணெண்ணெய் விளக்கு, குழாயடியில் குளியல், குளித்தபின் துவட்டிக்கொள்ள அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே துண்டு. 1912-ஆம் ஆண்டு ஜூலையில், நம்மைப்போலவே பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த சந்திரநாகூரில் வாழ்ந்த மோதிலால் ராய் என்னும் அன்பருக்கு எழுதிய கடிதத்தில், கையிருப்பு ஏறக்குறைய ஒன்றரை ரூபாய்தான் என்று ஸ்ரீ அரவிந்தர் குறிப்பிடுகிறார். அதே கடிதத்தில் பாரதியாரின் இல்லாமையைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது. 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்த நம் மகாகவியும் அந்த மகாயோகியும் ஒரே சமயத்தில் ஒரே விதமாகக் கையில் காசின்றி இருந்தார்கள் என்ற செய்தி, அவர்கள் நடந்த வீதிகளிலேயே இன்று நடக்கும் நமக்கு எவ்வளவு அருகிலிருப்பதாகத் தோன்றுகிறது!

அத்தகைய இல்லாமையிலும் அந்த வீட்டில் நடந்தது என்ன? இளைஞர்கள் ஸ்ரீ அரவிந்தரிடம் கிரேக்கமும் லத்தீனும் பிரெஞ்சும் பாடங்கேட்டார்கள். கையிலிருந்த சொற்பத்திலும் நூல்களுக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கினார்கள். மாலையில் இவ்வூர் இளைஞரோடு கால்பந்தாடிப் பெயரெடுத்தார்கள். ஸ்ரீ அரவிந்தரோ பரோடாவில் இருந்தபோது நாளொன்றுக்குப் பல மணி நேரம் பிராணாயாமம் செய்தவர். அலிப்பூர்ச் சிறையின் ஓர் அறையிலே தியானத்தில் ஆழ்ந்தவர். இங்கு வந்தபின் ஆசன பிராணாயாமங்களை நிபந்தனையாகக் கொள்ளாத பூரண யோகத்தை வகுத்தவர். ஆசனம் அவர் யோகத்தின் மையமாக இல்லாவிடினும் சரீரத்தை அவர் புறக்கணிக்கவில்லை. 1949-இல் ஆசிரமம் தேகப்பயிற்சிக்கென்றே தொடங்கிய பத்திரிகையில், உடலின் பரிபூரணத்தைக் குறித்துத் தம் இறுதிக்காலக் கட்டுரைகளை எழுதினார் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

இந்த உதாரணத்தை இன்றைய ஏழை மாணவனுக்கு எடுத்துக்காட்டி, ‘பார், ஒன்றரை ரூபாயில் அவர்கள் யோகம் செய்தார்கள், நீயும் செய்’ என்று உபதேசிப்பது எளிது; அது சரியன்று என்பது என் திடமான அபிப்பிராயம். பதஞ்சலி முனிவர் யமங்கள் ஐந்தில் ஒன்றாகச் சொன்ன அபரிக்கிரகம், அதாவது வேண்டாததைச் சேர்க்காமை, ஒருவன் தானே விரும்பி மேற்கொள்ளும் விரதம். பிறவியோடு வந்து வாட்டும் வறுமை அப்படிப்பட்டதன்று. மேலும், அந்த வீட்டில் காசு இல்லையே தவிர, வேறு மூன்று செல்வங்கள் நிறைந்திருந்தன. ஆள் நடமாட்டமில்லாத, சாமான்கள் அடையாத விசாலமான தரை இருந்தது; எவர் ஏவலுக்கும் உட்படாத பொழுது இருந்தது; சந்தேகம் தோன்றிய கணத்தில் போய்க் கேட்க ஆசான் பக்கத்து அறையிலே இருந்தார். இன்று நம் மாணவனுக்கு இல்லாதவை இந்த மூன்றுமே. பாய்க்கும் உடைக்கும் பணம் திரட்டிவிடலாம். இடத்தையும் பொழுதையும் ஆசிரியரின் கண்ணையும் தனியொரு பிள்ளை எங்கிருந்து திரட்டுவான்?

பொழுதை எடுத்துக்கொள்வோம். வாரக் கடைசியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சுற்றுலாக் கூட்டம் வந்து குவியும் இந்நகரத்தின் உணவகங்களிலும் விடுதிகளிலும், பகுதிநேர வேலை செய்து கல்லூரிச் செலவை ஈடுகட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு மேசை துடைத்துவிட்டு மிதிவண்டியில் அறைக்குத் திரும்பும் ஒருவனிடம் பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்திரு என்று சொல்வது தர்மமாகாது. யோகத்தைக் கெடுப்பவை என்று ஹடயோகப் பிரதீபிகை அடுக்கும் ஆறு தோஷங்களுள் அதிக உணவும் வீண்பேச்சும் மட்டுமல்லாமல், மிதமிஞ்சிய உழைப்பும் மிதமிஞ்சிய நியமப் பிடிவாதமும் இடம்பெற்றிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. உறக்கத்தைக் குறைத்துச் செய்யும் சாதனை நீடிக்காது. பதஞ்சலி அப்பியாசத்துக்குச் சொன்ன இலக்கணம் நெடுங்காலம், இடைவிடாமை, சிரத்தை என்ற மூன்றே. நேரம் எவ்வளவு என்று அவர் அளவு கூறவில்லை. ஆகவே ஒரு நாளைக்கு ஒன்றரை மணி செய்து மறுவாரம் முழுதும் விட்டுவிடுவதினும், கால் மணியாயினும் நாள்தோறும் ஒரே வேளையில் செய்வதே மேல். அந்த வேளை காலையாகத்தான் இருக்கவேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை, மாலையில் வெறும் வயிற்றோடு இருக்கும் பொழுதும் ஏற்றதே. மகாராஷ்டிரத்தில் ஔந்து என்ற சிறு சமஸ்தானத்தை ஆண்ட பவான்ராவ் பந்த் பிரதிநிதி, சூரிய நமஸ்காரத்தைத் தம் நாட்டுப் பள்ளிகளிலெல்லாம் புகுத்தியபோது, ஏழைக் குடியானவரின் பிள்ளைக்கும் செலவின்றிக் கைகூடும் பயிற்சியாகவே அதைக் கருதினார். ஓர் ஆள் நீளத் தரை இருந்தால் போதும். நிதானமாகச் செய்தால் கால் மணியில் உடம்பு முழுவதும் நெகிழ்ந்து சூடேறிவிடும். அதன்பின் ஐந்து நிமிஷம் சவாசனத்தில் கிடக்கலாம்.

பரீட்சைக் காலத்தில்தான் பெரும்பாலோர் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். அப்போதுதான் அது மிகவும் தேவைப்படுகிறது. முழு வரிசையும் செய்ய இயலாத நாளில், மூக்கின் இரு துளைகளிலும் மாறி மாறி மூச்சு விடும் நாடி சுத்தியைப் பத்து சுற்று செய்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தாலும் தொடர்ச்சி அறுந்ததாகாது.

ஆகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயிற்றில் காற்பங்கைக் காலியாக விடவேண்டும் என்ற மிதாகார விதியை, காலை உணவை மிச்சம்பிடிப்பதற்குச் சாக்காகக் கொள்ளலாகாது. பசியோடு ஆசனம் செய்து மயங்குவது சாதனையன்று. பாதாமும் இறக்குமதிப் பழங்களும் யோகிக்கு இன்றியமையாதவை என்று விளம்பரங்கள் சொல்வதையும் நம்பவேண்டியதில்லை. கேழ்வரகுக் கூழும் மோரும், அவித்த வேர்க்கடலையும், முருங்கைக்கீரையும், வாழைப்பழமும் நம் பக்கத்து ஏழை உணவுகள். சத்தில் அவை எதற்கும் குறைந்தவையல்ல.

இனி இடம். மூன்று கட்டிலும் மூன்று பெட்டியும் அடைத்த விடுதி அறையில் கையை அகல விரித்தால் தோழனின் முகத்தில் படும். புதுச்சேரிக்கு இறைவன் அருளிய பெருங்கொடை கடற்கரைச் சாலை. மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை மணி வரை வாகனங்கள் புகாமல் நகராட்சி காக்கும் அந்தச் சாலை, கிழக்கு நோக்கிய கடலும் உதயசூரியனுமாக விடியற்காலையில் எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. 1826-இல் அமைந்த தாவரவியல் பூங்காவின் நிழலும், பாரதி பூங்காவின் புல்தரையும் இவ்வூருக்கு உண்டு. ஆயினும் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டில் தங்கியிருப்பவன் நாள்தோறும் பேருந்துக்குக் காசு கொடுத்து இத்தனை தூரம் வர முடியுமா? ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை பிடித்துக்கொண்டால் திறந்த வெளியில் என்ன செய்வது? எல்லாவற்றினும் மேலாக, விடியாப்பொழுதில் ஒரு பெண்பிள்ளை தனியே வந்து, போவோர் வருவோர் பார்வையின் நடுவே நிம்மதியாக ஆசனம் செய்ய முடியும் என்று நம்மில் எவர் நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம்? மாணவிகள் விடுதிகளில் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிவைக்கும் வழக்கம் பாதுகாப்பைக் கருதி ஏற்பட்டதே என்றாலும், அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே திறந்த தரையை அந்தப் பூட்டு அடைத்துவிடுகிறது.

ஆசிரியரைப் பற்றி எண்ணும்போது என் கவலை இன்னும் மிகுகிறது. கையிலுள்ள செல்போனில் எண்ணற்ற பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து எளிய ஆசனங்களைக் கற்பதில் பெரிய தீங்கில்லை. ஆனால் கற்பிப்பவர் நம்மைப் பார்ப்பதில்லை. சிரசாசனத்திலும் சர்வாங்காசனத்திலும் கழுத்தின்மேல் விழும் பாரத்தையும், கபாலபாதியின் வேகத்தையும், மூச்சை அடக்கும் கும்பகத்தின் கால அளவையும் மற்றொருவரின் கண் பார்த்துத் திருத்தாவிட்டால், நன்மை தர வேண்டியதே நோயைத் தந்துவிடும். இரத்த அழுத்தம், கண்ணின் அழுத்த நோய், கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கு இவற்றில் சில விலக்கப்பட்டவை என்பதைக் கேட்டறிந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். நூலறிவுக்கு நம்மிடம் வசதி உண்டு. 1827-இல் தொடங்கப்பெற்று, ராமகிருஷ்ணரின் சரிதத்தையும் விவேகானந்தரின் சரிதத்தையும் எழுதிய பிரெஞ்சுப் பேரறிஞர் ரோமன் ரோலந்தின் திருப்பெயர் தாங்கி நிற்கும் நம் பொது நூலகம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. முதுகு வளைகிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் கடமையை நூலகம் ஏற்க இயலாது.

இந்தக் கடமையை எவ்வாறு செய்வது என்பதை இவ்வூரே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. பீகாரில் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, கனடாவில் தொழில் நடத்தித் திரும்பிய சுவாமி கீதானந்தர், ஆனந்தா ஆசிரமத்தில் அயல்நாட்டு மாணாக்கர்களுக்கு ஆறு மாதக் கடும்பயிற்சி அளித்ததோடு நிற்கவில்லை. 1975-இல் தட்டாஞ்சாவடியிலுள்ள கம்பளி சுவாமி மடத்தின் பொறுப்பை ஏற்று, சுற்றுப்புறக் கிராமங்களின் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி யோகமும் பரதமும் கற்பிக்கச் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சித்தர் ஒருவரின் ஜீவசமாதி வளாகத்தில், காசு கேளாமல், ஒழுங்கு தவறாமல் பிள்ளைகள் வரிசையாக நின்று பயின்ற அந்த முயற்சியை, இவ்வூரின் யோகச் சரித்திரத்தில் மற்றெல்லாப் பெருமைகளுக்கும் மேலானதாக நான் மதிக்கிறேன். குடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, தம் எளியமுறை உடற்பயிற்சியை மனவளக்கலை மன்றங்கள் வாயிலாக ஊரூராய்ப் பரப்பியதும் இதே நெறியைச் சேர்ந்தது. பேருந்துச் செலவுக்கு மேல் அதிகம் கேளாத இத்தகைய மன்றங்களை மாணவர்கள் தேடிப் போகலாம். ஒருமுறை நேரில் கற்றுச் சரிபார்த்துக்கொண்ட வரிசையைத் தம் அறையிலே பல மாதங்கள் தொடரலாம்.

ஆனால் மாணவன் தேடிப்போவதையே எந்நாளும் நம்பியிருக்கலாமா? 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி, 177 நாடுகள் உடன்மொழிய, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 21-ஐச் சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. அன்று நம் கல்லூரிகளிலெல்லாம் விரிப்பு வருகிறது, ஆசிரியர் வருகிறார், மண்டபம் திறக்கிறது. மறுநாள் மண்டபம் பூட்டப்படுகிறது. ஜனவரி விழாவிலும் நான்கு நாள் எழுச்சி உண்டு; அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதில் நடக்கும் ஆசனப் போட்டிகள் பல பிள்ளைகளுக்கு ஊக்கம் அளிக்கின்றன. என்றாலும், போட்டிக்குப் போகாத, உடல் வளையாத, முதுகுவலியோடும் பரீட்சைப் பயத்தோடும் இருக்கும் சாதாரண மாணவனுக்கு ஆண்டின் எஞ்சிய நாட்களில் என்ன இருக்கிறது என்று அரசும் பல்கலைக்கழகமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. தாகூர் கலைக் கல்லூரியிலும், பாரதிதாசன் மகளிர் கல்லூரியிலும், காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையத்திலும், காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலும், காலை ஐந்தரை முதல் ஏழு வரையிலும் மாலையில் ஒரு மணி நேரமும் ஒரு மண்டபம் திறந்திருக்கட்டும். முறையாகப் பயின்று சான்றிதழ் பெற்றும் வேலையில்லாதிருக்கும் இளம் யோக ஆசிரியர்களுக்கு, விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி மாத ஊதியம் கொடுத்து, வாரத்தில் இரண்டு நாளேனும் அந்த மண்டபத்துக்கு வரச் செய்யட்டும். மற்ற நாட்களில் மாணவர்கள் தாமே கூடிப் பயில்வார்கள். கூட்டமாய்ப் பயில்வதே நாள் தவறாமைக்குப் பெரிய துணை. ஜிப்மரின் யோக மையத்து மருத்துவர்கள் கல்விப் பருவத்துக்கு ஒருமுறை வந்து, எவரெவருக்கு எது விலக்கு என்று பார்த்துச் சொன்னால் அச்சமும் நீங்கும். மாணவிகள் விடுதி மொட்டைமாடியின் சாவியைக் காப்பாளர் அம்மையார் காலையில் ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்துவைக்கட்டும். கூட ஓர் ஆசிரியை நின்றால் போதும். யோகா தினம் வரும் ஜூன் மாதம் புதிய மாணவர்கள் கல்லூரிகளில் அடியெடுத்து வைக்கும் பருவத்தை ஒட்டியே வருகிறது. அன்று மேடையிலிருந்து வாழ்த்துரை வழங்கும் பெரியோர்கள், அவ்வாண்டு முழுமைக்குமான வகுப்பு அட்டவணையையும், எந்த மண்டபம், எந்த வேளை, எந்த ஆசிரியர் என்ற விவரத்தையும் அந்த மேடையிலேயே வாசித்துக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.